நான்காவது பக்கம்

காவல் நிலையக் கழிப்பறையில் ஒரு காசு கை தவறி விழுந்து உருள்கிறது. எடுக்கக் குனிந்த துணை ஷெரிஃப் ஹாக், தடுப்புக் கதவில் பதித்திருக்கும் சின்னத் தகட்டைப் பார்க்கிறார். கதவைச் செய்த நிறுவனத்தின் பெயர் ‘நெஸ் பெர்ஸ்’. அது ஓர் அமெரிக்கப் பழங்குடி இனத்தின் பெயரும்கூட. ஹாக்கும் பழங்குடிதான். ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் வழி உன் பாரம்பரியத்தோடு தொடர்புள்ளது என்று மரக்கட்டையை மடியில் வைத்திருக்கும் ஒரு பெண்மணி முன்பே அவரிடம் சொல்லியிருக்கிறார். கதவின் மேல் மூலையில் ஒரு திருகாணியைக் காணோம். கதவை நெம்பிப் பிளந்தால், உள்ளே மடித்துச் செருகிய தாள்கள். கொலையுண்ட லாரா பால்மரின் நாட்குறிப்பிலிருந்து கிழிக்கப்பட்டவை.

2017 ஜூனில் ‘ட்வின் பீக்ஸ்’ தொடரின் மூன்றாம் சீசனில் வந்தது இந்தக் காட்சி. இதற்காகச் சிலர் ஏறத்தாழ 27 ஆண்டுகள் காத்திருந்தார்கள். அந்த நாட்குறிப்பில் பக்கங்கள் குறைகின்றன என்பது 1990லேயே தெரிந்த செய்தி. எங்கே போயின, யார் கிழித்தார்கள் என்பதுதான் தெரியாது. அடுத்த வார எபிசோடில் ஹாக் கணக்குச் சொன்னார்: கிழிந்தவை நான்கு, கிடைத்தவை மூன்று. அந்த நான்காவது தாளைப் பற்றித் தொடர் அதன்பிறகு வாய் திறக்கவில்லை. ஆனால் ரசிகர்கள் அதை மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அவிழாத முடிச்சை விடாமல் பிடித்துக்கொள்ளும் இந்த வழக்கத்தை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எளிது. அதன் வரலாற்றைப் பார்த்தால் அப்படி ஒதுக்க மனம் வராது. கதையில் வரும் ஒரு கேள்வி யாருடைய சொத்து? எழுப்பிய எழுத்தாளருக்கா, அதை வைத்து விளம்பரம் விற்கும் தொலைக்காட்சி நிறுவனத்துக்கா, இரவெல்லாம் அதோடு விழித்துக் கிடக்கும் பார்வையாளருக்கா? அந்த வழக்கின் வரலாறுதான் இது. வழக்கு என்பது இங்கே வெறும் சொல்லலங்காரம் அல்ல; ஒருமுறை உண்மையிலேயே நீதிமன்றம் போல மேடை கட்டி விசாரித்திருக்கிறார்கள்.

1870 ஜூன் 9 அன்று சார்லஸ் டிக்கன்ஸ் இறந்தபோது அவருடைய ‘எட்வின் ட்ரூட்டின் மர்மம்’ பாதியில் நின்றது. மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு பகுதிகள் வரவேண்டிய நாவல். எழுதி முடித்தது ஆறு பகுதிகள்தான். கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் இரவு எட்வின் ட்ரூட் என்ற இளைஞன் காணாமல் போகிறான். அபினிப் பழக்கமுள்ள, தேவாலயத்தில் பாட்டுக் குழுவை நடத்தும் அவனுடைய மாமன் ஜான் ஜாஸ்பர் மேல் சந்தேகம் விழுகிறது. ஊருக்கு நரைத்த தலையோடு டாட்செரி என்ற புதிய மனிதர் வருகிறார். அது மாறுவேடம் என்று வாசகருக்குத் தோன்றுகிறது. அதோடு கை நின்றுவிட்டது. ட்ரூட் செத்தானா பிழைத்தானா? டாட்செரி யார்? கொலைகார மாமன்தான் கதை என்று டிக்கன்ஸ் தம்மிடம் சொன்னதாக அவருடைய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிவைத்தும் வாசகர்கள் அடங்கவில்லை.

1914 ஜனவரியில் லண்டன் கோவென்ட் கார்டனில் உள்ள ஓர் அரங்கில், டிக்கன்ஸ் அன்பர்கள் ஜாஸ்பரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி ஜி. கே. செஸ்டர்ட்டன். ஜூரிகளின் தலைவர் பெர்னார்ட் ஷா. சாட்சிகளாக நாவலின் பாத்திரங்கள். மணிக்கணக்கில் விசாரணை நடந்தது. கடைசியில் ஷா எழுந்து, கொலையல்ல, கொலையாகாத மரணக் குற்றம் என்று ஒரு சமரசத் தீர்ப்பை வாசித்தார். செஸ்டர்ட்டன் தம்மைத் தவிர அங்கிருந்த அனைவருக்கும் நீதிமன்ற அவமதிப்புக்கு அபராதம் விதித்துக் கூட்டத்தைக் கலைத்தார். டிக்கன்ஸ் இறந்து 43 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அந்தக் கேள்விக்கு வயதே ஆகவில்லை. 1985இல் ரூபர்ட் ஹோம்ஸ் அதை நியூயார்க் மேடையில் இசை நாடகமாக்கியபோது கொலையாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அன்றன்றைய பார்வையாளர்களின் வாக்குக்கே விட்டார். ஒவ்வொரு இரவும் ஒரு முடிவு.

அச்சில் தொடர்கதை படித்தவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் படித்தார்கள். தொலைக்காட்சி அதை மாற்றியது. ஒரே இரவு, ஒரே மணி, நாடு முழுக்க ஒரே காட்சி. மறுநாள் காலை பேருந்திலும் அலுவலகத்திலும் எல்லாருக்கும் ஒரே கேள்வி. அடுத்த வாரம் வரை ஏழு நாள் இடைவெளி. ஊகம் விளைந்த வயல் அந்த இடைவெளிதான். 1967 ஆகஸ்ட் 29 அன்று ‘தி ஃப்யூஜிடிவ்’ தொடரின் கடைசி எபிசோடில் ஒற்றைக்கை மனிதனின் மர்மம் தீர்ந்தபோது, அமெரிக்காவில் அந்நேரம் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிகளில் 72 சதவீதம் அதைக் காட்டிக்கொண்டிருந்தன. நான்காண்டு தப்பி ஓடிய நாயகன் குற்றமற்றவன் என்று நிரூபணமானது. எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

ஐந்து மாதம் கழித்து இங்கிலாந்தில் நடந்தது அதற்கு நேர்மாறு. பேட்ரிக் மெக்கூஹன் நடித்த ‘தி பிரிசனர்’ பதினேழு எபிசோடு ஓடியது. பதவியை உதறிய உளவாளி ஒருவரைக் கடத்திவந்து, பெயரைப் பறித்து, ‘எண் ஆறு’ என்று அழைத்து, அழகான ஒரு கடலோரக் கிராமத்தில் அடைத்துவைக்கிறார்கள். வேல்ஸில் இருக்கும் போர்ட்மெய்ரியன்தான் அந்தக் கிராமம். அதை ஆளும் ‘எண் ஒன்று’ யார் என்ற ஒரே கேள்வியில் கதை நகர்ந்தது. மெக்கூஹனே எழுதி இயக்கிய கடைசி எபிசோடு 1968 பிப்ரவரியில் வந்தது. முகமூடியைக் கழற்றினால் குரங்கு முகம். அதையும் கழற்றினால் எண் ஆறின் சொந்த முகம். கண நேரத்தில் அதுவும் மறைந்தது. பார்வையாளர்கள் கொதித்துப்போனார்கள். கொஞ்ச காலம் தலைமறைவாக இருக்க நேர்ந்ததாக மெக்கூஹன் பின்னாளில் சொன்னார். எண் ஆறு ஏன் பதவி விலகினார் என்பதற்குக் கடைசிவரை விடையில்லை. ஆனால் கோபித்தவர்களே பிறகு திரும்பி வந்தார்கள். 1977இல் ‘சிக்ஸ் ஆஃப் ஒன்’ என்ற ரசிகர் சங்கம் உருவாகி, அதே போர்ட்மெய்ரியனில் கூடத் தொடங்கியது. பதினேழு எபிசோடுகளை எந்த வரிசையில் பார்த்தால் கதை சரியாக வரும் என்பதே அவர்களுக்குள் ஓயாத விவாதமாயிற்று. விடை மறுக்கப்பட்ட இடத்தில் ஊர் கூடும் என்பதைத் தொலைக்காட்சியிலும் காட்டியது அந்தத் தொடர்.

அமெரிக்க நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. கேள்விக்குக் காசு உண்டு என்பதே அது. அதைக் கற்பித்தது ‘டாலஸ்’. டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பத்தின் சண்டைகளைச் சொன்ன அந்தத் தொடரை அதிகம் பேர் பார்ப்பதால் சீசனுக்குக் கூடுதல் எபிசோடுகள் வேண்டும் என்று சி.பி.எஸ். கேட்டது. கதை கைவசம் இல்லை. வில்லனான ஜே.ஆர். யூயிங்கைச் சுட்டுவிடலாம், சுட்டது யார் என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று எழுதுபவர்கள் முடிவெடுத்தார்கள். 1980 மார்ச் 21 அன்று இரவு அலுவலகத்தில் தனியாக இருந்த ஜே.ஆர். மேல் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் முகம் தெரியவில்லை. அந்தக் கணத்தில் அது யார் முகம் என்பது படைத்தவர்களுக்கே தெரியாது.

அந்தக் கோடையில் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பரில் தெரியவேண்டிய விடை நவம்பருக்குத் தள்ளிப்போனது. ஜே.ஆராக நடித்த லேரி ஹேக்மன் அந்தச் சூட்டைப் பயன்படுத்திச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டுப் பேரம் நடத்தினார். ஆகஸ்டில் ‘டைம்’ இதழ் அவர் படத்தை அட்டையில் போட்டது. மனைவி சூ எல்லனா, பரம எதிரி கிளிஃப் பார்ன்ஸா, ஏமாற்றப்பட்ட வங்கிக்காரரா, விமான விபத்தில் செத்ததாக நம்பப்பட்ட டஸ்டி ஃபார்லோ உயிரோடு வந்துவிட்டானா? தேர்தல் ஆண்டு வேறு. சுட்டவர் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் என்று அச்சடித்த சட்டைப் பொத்தான் சின்னங்களைக் குடியரசுக் கட்சிக்காரர்கள் விநியோகித்தார்கள். லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் சந்தேக நபர் ஒவ்வொருவர் மேலும் பந்தய விகிதம் எழுதிப்போட்டார்கள். விடை எங்கோ யாருக்கோ தெரிந்த விஷயம், அதன்மேல் பந்தயம் செல்லாது என்று நெவாடா சூதாட்டக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். படப்பிடிப்பிலோ பல நடிகர்களை ஆளுக்கொரு முறை துப்பாக்கி பிடித்துச் சுடவைத்துப் படமாக்கியிருந்தார்கள். எது உண்மையில் ஒளிபரப்பாகும் என்று அவர்களுக்கே தெரியக்கூடாது என்பதற்காக.

நவம்பர் 4 அதிபர் தேர்தலில் பதிவான மொத்த வாக்குகள் சுமார் 8.65 கோடி. பதினேழு நாள் கழித்து, நவம்பர் 21 வெள்ளிக்கிழமை இரவு, சுட்டவள் சூ எல்லனின் தங்கை கிறிஸ்டின் என்று அறிந்துகொள்ள அமெரிக்காவில் மட்டும் சுமார் 8.3 கோடிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுவாரம் அந்தக் கேள்வியைப் பேச ஆளில்லை. ‘டாலஸ்’ நன்றாகவே ஓடியது, இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஓடியது. ஆனால் ஜே.ஆரைச் சுட்டது யார் என்பது பதில் கிடைத்த நாளோடு பழைய செய்தித்தாள் ஆகிவிட்டது. கிறிஸ்டினின் காரணங்களை அலசி யாரும் சங்கம் அமைக்கவில்லை. அந்தக் கேள்விக்குள் பதிலைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதே காரணம்.

ஆனால் ‘ட்வின் பீக்ஸ்’ என்ற பெயரைச் சொன்னதும் பலர் குரல் தாழ்ந்துவிடுகிறது. அதன் கேள்விக்குள் ஓர் ஊரே இருந்தது.

அந்தத் தொடரைப் படைத்த இருவரில் ஒருவரான மார்க் ஃப்ராஸ்ட் சிறுவனாக இருந்தபோது பாட்டி அவருக்கு ஒரு பயங்கரக் கதை சொல்வார். 1908 ஜூலையில், நியூயார்க் மாகாணத்தின் சாண்ட் லேக் பகுதியில் ஒரு குளத்தில் ஹேசல் ட்ரூ என்ற இளம்பெண்ணின் உடல் மிதந்தது. கொன்றது யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அந்தப் பேய்க்கதையின் நினைவும், திரைப்பட இயக்குநர் டேவிட் லிஞ்ச்சின் கனவுகளும் சேர்ந்து ஒரு தொடர் பிறந்தது. வாஷிங்டன் மாகாணத்தின் காடும் அருவியும் சூழ்ந்த ஒரு மரம் அறுக்கும் ஊர். நீர்க்கரையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய லாரா பால்மரின் உடல். விசாரிக்க வரும் எஃப்.பி.ஐ. அதிகாரி டேல் கூப்பர் நல்ல காபிக்கும் செர்ரிப் பைக்கும் குழந்தைபோல மகிழ்கிறவர். கனவில் துப்புத் தேடுகிறவர். 1990 ஏப்ரல் 8 அன்று முதல் எபிசோடை 3.46 கோடிப் பேர் பார்த்தார்கள்.

வீடுகளில் காபியும் டோனட்டும் வைத்துக் கூட்டமாகப் பார்த்தார்கள். வி.சி.ஆர். பரவியிருந்த காலம் அது. இந்தத் தொடரின் பெரும்பலம் அதுதான். கேசட்டை நிறுத்தி, பின்னோக்கிச் சுழற்றி, ஒவ்வொரு சட்டகமாகப் பார்க்க முடிந்தது. சிவப்புத் திரை தொங்கும் அறையில் ஒரு குள்ள மனிதன் விநோதமாகப் பேசும் கனவை மீண்டும் மீண்டும் ஓட்டினார்கள். நடிகர்கள் வசனத்தைத் தலைகீழாகப் பேசி, அந்தப் பதிவைத் திருப்பி ஓட்டிய காட்சி அது. பிணத்தின் நகக்கண்ணில் இருந்த எழுத்துத் துணுக்கு முதல் ஆந்தை வரை எதையும் விட்டுவைக்கவில்லை. யூஸ்நெட் என்ற அந்நாளைய கணினி வலையமைப்பில் பல்கலைக்கழகங்களிலும் கணினி நிறுவனங்களிலும் இருந்தவர்கள் வசனங்களைத் தட்டச்சு செய்து, நிகழ்வுகளை நாள்வாரியாக அடுக்கி, பெயர்களின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுத் தேடினார்கள். அப்போது எம்.ஐ.டி.யில் இருந்த ஹென்றி ஜென்கின்ஸ் அவர்களைப் படித்து ஓர் ஆய்வுக்கட்டுரையே எழுதினார். தொடர் எளிய விடையைத் தந்தால் அவர்கள் ஏமாந்தார்கள். புதிர் இன்னும் ஆழமாக இருக்கவேண்டும் என்றே விரும்பினார்கள். லிஞ்ச் தங்களோடு விளையாடும் தந்திரக்காரர், எதுவும் தற்செயல் அல்ல என்று நம்பினார்கள்.

உண்மையில் எவ்வளவு தற்செயல் அது! ஃப்ராங்க் சில்வா படப்பிடிப்பில் சாமான்களை அடுக்கும் கலைப்பிரிவு ஊழியர். லாராவின் அறையில் அவர் நாற்காலி மேசைகளை நகர்த்துவதைப் பார்த்த லிஞ்ச்சுக்கு ஏதோ தோன்றி, கட்டிலின் காலடியில் அவரை ஒடுங்கி உட்காரவைத்து ஒரு ஷாட் எடுத்துவைத்தார். பிறகு லாராவின் தாய் அலறும் காட்சியில், சுவர்க்கண்ணாடியில் அதே சில்வாவின் முகம் தெரியாமல் பதிவாகிவிட்டது. இன்னொரு முறை எடுக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றார் லிஞ்ச். தொடரின் தீமைக்கெல்லாம் முகமான ‘பாப்’ அன்றுதான் பிறந்தான். சிவப்பு அறையும் அப்படியே. ஐரோப்பிய வீடியோ விற்பனைக்காக முதல் எபிசோடுக்கு முடிந்த கதை ஒன்று வேண்டும் என்று ஒப்பந்தம் கட்டாயப்படுத்தியது. அதற்காக அவசரமாகச் சேர்த்த முடிவில் இருந்த அறை அது. முடித்துவைக்கச் சொன்னதால் எடுத்த காட்சி, எதையும் முடிக்கவிடாத காட்சியாகத் தொடருக்குள் நுழைந்தது. தற்செயலைச் சேர்த்துக் கோக்கும் வேலையில் லிஞ்ச்சும் ரசிகர்களும் ஒரே தொழில் செய்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

மே மாதம் முதல் சீசன், கூப்பர் மேல் யாரோ சுடுவதோடு நின்றது. ‘டாலஸ்’ ரசிகர்களுக்குப் பழகிய கோடை. ஆனால் செப்டம்பரில் திரும்பியபோது லாராவின் கொலையாளி வெளிப்படவில்லை. பொறுமை கரையத் தொடங்கியது. தொடர் திரும்புவதற்கு முதல்நாள் இரவே ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் கூப்பராக நடிக்கும் கைல் மெக்லாக்லனே வந்து ஒரு கேலி நாடகம் நடித்தார். கொலையாளி பிடிபட்டு ஒப்புக்கொண்டுவிட்டான்; கூப்பர் மட்டும் விசாரணையை முடிக்கவே மறுக்கிறார். சிரிப்புக்கு அடியில் இருந்தது தொடரை ஒளிபரப்பிய ஏ.பி.சி. நிறுவனத்தின் கவலை. தொடரைச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றியிருந்தார்கள். பார்ப்பவர் எண்ணிக்கை விழுந்துகொண்டிருந்தது. விடையைச் சொல்லுங்கள் என்று நிறுவனம் நெருக்கியது.

லிஞ்ச்சுக்கு அந்தக் கொலையைத் தீர்க்கும் எண்ணமே இருக்கவில்லை. அந்த மர்மம் பின்னால் நகர்ந்து நகர்ந்து, ஊரின் மற்ற கதைகளுக்கெல்லாம் ஊற்றாக எப்போதும் இருக்கவேண்டும் என்று நினைத்தார். பொன்முட்டையிடும் வாத்தை அறுத்துவிட்டார்கள் என்று பின்னர் பலமுறை வருந்தினார். 1990 நவம்பர் 10 அன்று அந்த எபிசோடு வந்தது. இயக்கியவர் அவரே. ரகசியத்தைக் காக்க ரே வைஸ், ஃப்ராங்க் சில்வா, ரிச்சர்ட் பேமர் என்று மூன்று நடிகர்களையும் வைத்துக் கொலைக் காட்சி படமாக்கப்பட்டது. கொன்றவர் லாராவின் தந்தை லேலண்ட். அவருள் குடிகொண்ட பாப். தொலைக்காட்சியில் அதுவரை வந்த காட்சிகளில் இவ்வளவு குரூரமானது குறைவு. அதைப் பார்த்தவர்கள் ‘அப்பாடா’ என்று மூச்சு விடவில்லை. ஒரு வீட்டுக்குள், ஒரு தகப்பனுக்குள் இருந்த தீமை வெளியிலிருந்து வந்த ஆவியா, மனிதனே தானா? பதில் வந்த இரவில் அதைவிடப் பெரிய கேள்வி வந்து உட்கார்ந்தது. கிறிஸ்டினோடு ‘டாலஸ்’ கேள்வி செத்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது கூட்டம். கூட்டம் கலைந்துவிட்டது. 1991 பிப்ரவரியில் தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. ரசிகர்கள் ‘கூப்’ என்ற சுருக்கப் பெயரில் ஒரு குழு தொடங்கி, ஏ.பி.சி.யின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவராக இருந்த ராபர்ட் ஐகருக்குக் கடிதங்களைக் குவித்தார்கள். மிச்சமிருந்த எபிசோடுகள் மட்டும் வெளிவந்தன. ஜூன் 10 அன்று கடைசிக் காட்சி: கூப்பர் குளியலறைக் கண்ணாடியில் தலையை மோதுகிறார், உடைந்த கண்ணாடிக்குள் பாப் சிரிக்கிறான். நல்ல கூப்பர் சிவப்பு அறையில் சிக்கியிருக்கிறார், வெளியே வந்தது வேறு ஒருவன். அந்த அறையிலேயே லாரா, 25 ஆண்டு கழித்துச் சந்திப்பதாகச் சொல்லியிருந்தாள். அத்தோடு முடிந்தது.

மறுவருடம் மே மாதம் கான் திரைவிழாவில் லிஞ்ச்சின் ‘ஃபயர் வாக் வித் மீ’ திரையிடப்பட்டது. முந்தைய கதையைச் சொன்ன அந்தப் படத்தை விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். கூப்பர் எப்படி மீள்வார் என்று தெரிந்துகொள்ள வந்த ரசிகர்களிலும் பலர் சோர்ந்து திரும்பினார்கள். ஆனால் அதில் ஒரு சின்னக் காட்சி இருந்தது. இன்னும் நடக்காத எதிர்காலத்திலிருந்து ஒரு பெண் லாராவின் படுக்கையில் தோன்றி, நல்ல கூப்பர் உள்ளே அடைபட்டிருக்கிறார், இதை உன் நாட்குறிப்பில் எழுதிவை என்கிறாள். லாரா எழுதினாளா? படம் காட்டவில்லை. அந்தக் கணத்திலிருந்துதான் நாட்குறிப்பின் கிழிந்த பக்கங்களுக்குப் புது உயிர் வந்தது.

பிறகு நீண்ட இருட்டு. தொலைக்காட்சியில் அந்தப் பெயரில் புதிய எபிசோடு எதுவும் வராத அந்தக் கால் நூற்றாண்டில் கேள்வியை அணையாமல் காத்தவர்கள் ரசிகர்கள் மட்டுமே. டெக்சாஸிலிருந்து 1992 முதல் 2005 வரை ‘ராப்ட் இன் பிளாஸ்டிக்’ என்ற இதழ் 75 முறை வெளிவந்தது. ஒரே ஒரு தொடரை மையமாக வைத்துப் பதின்மூன்று ஆண்டுகள்! தொடர் படமான ஸ்னோக்வால்மி அருவிக்கும் பக்கத்து நார்த் பெண்ட் ஊருக்கும் ஆண்டுதோறும் விழாவுக்குக் கூடினார்கள். தொடரில் ‘டபுள் ஆர்’ உணவகமாக வந்த கடையில் செர்ரிப் பை வாங்கிச் சாப்பிட்டபடி வாதம் செய்தார்கள். ஜப்பானிலிருந்து சுற்றுலாக் குழுக்கள் வந்தன. அங்கே தொடருக்கு இருந்த மோகத்தைக் கண்டு ஒரு காபி நிறுவனம் லிஞ்ச்சையே வைத்துக் கூப்பர் வரும் விளம்பரங்கள் எடுத்திருந்தது. கதைப்படி லாராவின் உடல் கிடைத்த பிப்ரவரி 24 ஒரு நினைவுநாள் ஆயிற்று. படத்திலிருந்து வெட்டிப்போட்ட காட்சிகளை வெளியிடச் சொல்லி ஆண்டுக்கணக்கில் மன்றாடினார்கள். 2014இல் அவை சுமார் ஒன்றரை மணிநேரத் தொகுப்பாக வந்தன.

இதற்கிடையே மற்ற தொடர்கள் அதே வழியில் நடந்து பார்த்தன. 2004இல் தொடங்கிய ‘லாஸ்ட்’ கேள்விகளைக் கொட்டிக் குவித்தது: தீவில் ஒரு கதவு, திரும்பத் திரும்ப வரும் 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்கள். மறுவருடமே ரசிகர்கள் ‘லாஸ்ட்பீடியா’ என்ற கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். ‘ட்வின் பீக்ஸ்’ பட்ட பாட்டை அறிந்த தயாரிப்பாளர்கள் முடிவு தேதியை நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டார்கள். 2010 மே 23 அன்று தொடர் முடிந்தபோது கடைசிப் பெயர்ப்பட்டியலோடு நிறுவனம் சேர்த்த விமானச் சிதிலங்களின் படத்தைப் பார்த்து, ஆரம்பத்திலேயே எல்லாரும் செத்துவிட்டார்கள் போலும் என்று பலர் முடிவுகட்டினார்கள். இல்லை என்று படைத்தவர்கள் எவ்வளவோ சொல்லியும் அந்தத் தியரி சாகவில்லை. ‘தி சோப்ரானோஸ்’ 2007 ஜூன் 10 அன்று, மாஃபியா தலைவன் குடும்பத்தோடு உணவகத்தில் அமர்ந்திருக்கும்போது, பாட்டின் நடுவில் கறுப்புத் திரையாக நின்றது. கேபிள் போய்விட்டதென்று பலர் எழுந்து பெட்டியைத் தட்டினார்கள். அவன் செத்தானா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. நியூ ஜெர்சியில் அந்தக் காட்சி எடுத்த உணவகத்தின் இருக்கை 2024இல் ஏலத்துக்கு வந்தபோது 82,600 டாலருக்குப் போனது.

‘ட்வின் பீக்ஸ்’ உண்மையிலேயே திரும்பியது. 2017 மே 21 முதல் பதினெட்டுப் பகுதிகள். அனைத்தையும் இயக்கியவர் லிஞ்ச். முந்தைய ஆண்டு ஃப்ராஸ்ட் எழுதிய நூல் ஒன்றில் பழைய தொடரோடு ஒத்துப்போகாத விவரங்கள் பல இருந்தன. எழுத்தாளரின் பிழை என்று விட்டுவிடலாம். ரசிகர்கள் விடவில்லை. காலமே மாற்றி எழுதப்பட்டிருக்கிறது, அதன் தடயம் இது என்றார்கள். செப்டம்பர் 3 அன்று பதினேழாம் பகுதியில் கூப்பர் 1989க்குள் நுழைந்து, கொலை நடக்கும் இரவில் லாராவைக் காட்டிலிருந்து கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார். கரையில் கிடந்த பிளாஸ்டிக் பொதி மெல்ல மறைந்தே போகிறது. எல்லாக் கதைக்கும் விதையான அந்த உடல் இல்லாமல் போகும் கணம், முதலிலிருந்து பார்த்தவர்களின் நெஞ்சை நிறுத்தியது. காப்பாற்றிவிட்டாரா? காட்டுக்குள் அவள் கை நழுவுகிறது. ஓர் அலறல் கேட்கிறது.

பதினெட்டாம் பகுதியில் டெக்சாஸின் ஒடெசா நகரில் லாராவின் சாயலில் ஒரு நடுவயதுப் பெண்ணைக் கூப்பர் கண்டுபிடிக்கிறார். நடித்தவர் லாராவாக நடித்த அதே ஷெரில் லீ. தான் லாரா இல்லை என்கிறாள் அவள். பெயர் கேரி பேஜ். பேஜ் என்றால் பக்கம்! கிடைக்காத நான்காவது பக்கம் இவள்தான் என்று அன்றிரவே ரசிகர்கள் எழுதினார்கள். வேறு சிலர் கடைசி இரண்டு பகுதிகளையும் இரண்டு திரைகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒன்றின் அசைவு மற்றதற்கு எங்கெங்கே பதில் சொல்கிறது என்று குறித்துவைத்தார்கள். அப்படித்தான் பார்க்கவேண்டும் என்று லிஞ்ச் சொன்னதில்லை. கூடாது என்றும் சொன்னதில்லை. 2025 ஜனவரியில் அவர் இறக்கும்வரை எதற்குமே விளக்கம் தரவில்லை. இறந்த செய்தி வந்ததும் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே அவர் ஒரு காலத்தில் நாள்தோறும் சென்றுவந்த உணவகத்தின் வாசலில் ரசிகர்கள் காபிக் கோப்பைகளையும் டோனட்டுகளையும் பூக்களோடு வைத்துவிட்டுப் போனார்கள்.

கடைசிக் காட்சியில் கூப்பர் அந்தப் பெண்ணை இரவெல்லாம் காரோட்டி லாராவின் வீட்டுக்கு அழைத்து வருகிறார். எவரெட் நகரில் இருக்கும் உண்மையான வீடு அது. 1989இல் முதல் எபிசோடின் பால்மர் வீட்டுக் காட்சிகளை எடுத்ததும் அங்கேதான். கதவைத் தட்டுகிறார். திறக்கும் பெண்ணுக்குப் பால்மர் குடும்பத்தைத் தெரியாது. தன் பெயர் ட்ரெமண்ட் என்கிறாள். யாரிடம் வீட்டை வாங்கினீர்கள் என்றால் சால்ஃபாண்ட் என்கிறாள். இரண்டும் பழைய தொடரிலும் படத்திலும் ஆவியுலகத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு கிழவிக்கு இருந்த பெயர்கள். அவ்வளவு போதாதா! ஆனால் ரசிகர்களை உலுக்கியது வேறொரு விவரம். அந்தப் பெண்ணாக நடித்தவர் நடிகை அல்ல. அந்த வீட்டில் அப்போது குடியிருந்த, அதன் உண்மையான உரிமையாளரே அவர்.

அப்படியானால் கூப்பர் தட்டியது எந்த உலகத்தின் கதவை? கதை தன் எல்லையைத் தாண்டி, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாழும் உலகத்துக்குள் வந்துவிட்டது என்கிறார்கள் ஒரு சாரார். இல்லை, இது பாப்பின் இன்னொரு பொறி என்கிறார்கள் வேறொரு சாரார். வாசற்படி இறங்கித் தெருவில் நிற்கும் கூப்பர் குழம்பிப்போய் இது எந்த ஆண்டு என்று கேட்கிறார். வீட்டுக்குள்ளிருந்து தாயின் குரல் மகளைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அந்தப் பெண் அலறுகிறாள். வீட்டின் விளக்குகள் அத்தனையும் அணைந்துபோகின்றன.